இடது காது

காது சோதிக்கும் பெண் கேட்கிறாள்:
உள்ளே கேட்கும் சத்தம் எப்படி இருக்கும்?
மணியா, வண்டா, கொதிக்கும் கெண்டியா?

இ-ஃபிளாட் என்கிறேன்.
அவள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
வண்டு என்று குறித்துக்கொள்கிறாள்.

முப்பத்தொன்பது வருடம் ஸ்லாக் பெல் குழுவுக்கு
ஒலி கலந்தவன் நான், லெனார்ட் ட்ரான்டர்.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
சங்கூதியே செவிடானவனுக்குப்
பழமொழி இல்லை.

எழுபத்திரண்டு, டிப்டன்.
சங்கிலிப் பட்டறைக்குப் பின்னால்
பூட்டிக் கிடந்த ஞாயிறு பள்ளி.
ஆல்வின் பார்கெட்டருக்கு உச்சம் எட்டவில்லை.
"கிதாரை இறக்கு" என்றான்.
டென்சில் கோப் முறைத்தான். முறைத்துக்கொண்டே
ஆறு கம்பியையும் அரைச் சுரம் தளர்த்தினான்.
தளர்ந்த கம்பியை அடித்தபோது
ஜன்னலில் கண்ணாடியைப் பிடித்திருந்த ஈயம் நடுங்கிற்று.

அந்த நடுக்கத்தைத்தான் பிற்பாடு பத்திரிகைகள்
இரும்பு ஊரின் கோபம் என்று எழுதின.
கோபமெல்லாம் இல்லை.
ஆல்வினுக்குத் தொண்டை போதவில்லை, அவ்வளவுதான்.

முதல் இசைத்தட்டு நான்கு நாளில் முடிந்தது.
இரண்டாவதை அவர்கள் அம்மாக்கள் வாங்கினார்கள்.
மூன்றாவது விற்றது, ஏன் என்று யாருக்கும் தெரியாது.
வேன் பேருந்தாயிற்று, பேருந்து விமானமாயிற்று.
ஆக்ரன் நகரில், மேடைக்குப் பின்னாலிருந்த தொலைபேசியில்,
முர்ரே ஸ்பிட்டலுக்கு மகள் பிறந்த செய்தி வந்தது.
அன்றிரவு அவன் டிரம்ஸ் ஓடிய ஓட்டத்தில்
கடைசிப் பாட்டு ஒரு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிட்டது.
கூட்டம் கவனிக்கவில்லை.
நாடா என்னிடம் இருக்கிறது.
அந்த ஒரு நிமிடம்தான் அதில் இல்லை.

எண்பத்தைந்தில் கம்பெனி
ஒரு கீபோர்டையும் அதோடு ஓர் ஆளையும் அனுப்பியது.
தோளில் பஞ்சு வைத்த சட்டை, நல்ல பையன்.
டென்சில் கிதாரைப் பெட்டியில் வைத்து
இரண்டு கொக்கியையும் மெதுவாகப் போட்டான்.
அவன் எதையும் மெதுவாகச் செய்து நான் பார்த்ததில்லை.

பிறகு வுல்வர்ஹாம்ப்டனில் வக்கீல்கள்.
பெயர் ஆல்வினுக்கு, பாட்டுகள் டென்சிலுக்கு என்று தீர்ப்பு.
ஸ்பீக்கர்களை யாரும் கேட்கவில்லை.
அவை என் கராஜில் கிடந்தன, ஈரத்தில்.

பாட்டில்லாத பெயரோடு ஒருவன்,
பெயரில்லாத பாட்டோடு ஒருவன்.
வெள்ளிக்கிழமை அவனுக்குக் கலந்தேன்,
சனிக்கிழமை இவனுக்கு.
மற்றவன் எப்படி இருக்கிறான் என்று
இருவரும் கேட்டதில்லை.
"அங்கே எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்பார்கள்.
நாற்பது என்பேன்.
இருவரிடமும் நாற்பதுதான்.

கடைசியில் ஸ்கெக்னஸ், நவம்பர்,
விடுமுறை முகாமில் கம்பளம் விரித்த கூடம்.
முர்ரேக்கு இடுப்பு புதிது, உட்கார மெத்தை வேண்டும்.
ஆல்வின் மைக்குக்கு அருகே வந்து வாய் திறந்தான்.
"இன்னும் அரை…"
"இறக்கியாச்சு" என்றான் டென்சில்,
அவனைப் பார்க்காமலே.

பெயரும் பாட்டும் ஒரே மேடையில்.
கூட்டம் எழுந்து நின்றது, முடிந்தவர்கள்.
நான் மட்டும் பலகையின் பின்னால்
திருகிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.
எங்கேயோ சுருதி உரசுகிறது.
மூன்றாவது பாட்டில்தான் புரிந்தது:
அவர்கள் டி-யில் இருக்கிறார்கள்,
என் காது இறங்கவில்லை.

காது சோதிக்கும் பெண் சொல்கிறாள்:
சின்னக் கருவி ஒன்று இருக்கிறது,
மழை பெய்கிற மாதிரிச் சத்தம் கொடுத்து
அதை மறைத்துவிடலாம்.

மழையில் நிறைய வாசித்திருக்கிறோம், அம்மா.
எதுவும் மறைந்ததில்லை.

சிரிக்கிறாள். அடுத்த கேள்வி:
புகைபிடிப்பீர்களா?