துணைக்கு ஒருவர் கட்டாயம்

கையொப்பம் என்னுடையதுதான்.
அதற்குக் கீழே, சிவப்பு மையில்:
துணைக்கு ஒருவர் கட்டாயம்.
இன்று வாகனம் ஓட்டக்கூடாது.
முக்கியமான முடிவு எதுவும் எடுக்கக்கூடாது.
சிரிப்பு வந்தது.
அன்றைக்கு என்னிடம் இருந்த ஒரே முடிவு
சீட்டுக்காசை ஆருக்கு முதலில் கொடுப்பது என்பது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி, பல் பகுதி,
காலை ஒன்பது பத்து.
கடைவாய்ப் பல் எலும்புக்குள் படுத்துக் கிடந்தது,
படத்தில் பார்த்தால்
குளக்கட்டில் சரிந்த மருதமரம் மாதிரி.
இரண்டு தடவை வந்து
இரண்டு தடவையும் வாய் திறக்காமல் எழும்பிப் போனவள் நான்.
வெளிச்சம் மேலிருந்து முகத்துக்கு நேரே இறங்கினால்
தாடை தானாகப் பூட்டிக்கொள்ளும்.
ஏன் என்று டொக்டர் கேட்கவில்லை.
இந்தப் பக்கத்தில்
ஏன் என்று கேட்காத டொக்டர்தான் நல்ல டொக்டர்.

"இது நித்திரை இல்லை," என்றா.
"சொல்லுறது கேட்கும், செய்வீங்கள்.
பிறகு ஞாபகம் இராது."
புறங்கையில் ஊசி.
கூரையில் ஒரு பல்லி, வால் இல்லாமல்.

பிறகு
வேறொரு அறையில் மின்விசிறி.

இடையில் ஒன்றும் இல்லை.
நித்திரை என்றால் எழும்பும்போது தெரியும்,
கிடந்தோம் என்று, நேரம் போனது என்று.
இது கொப்பியில் ஒரு தாளைக்
கிழித்த விளிம்பே இல்லாமல் கிழித்தது போல.

தாதி நிறைமதி சொன்னா:
"நல்லா ஒத்துழைச்சனீங்கள் அக்கா.
திறவுங்கோ எண்டால் திறந்தனீங்கள்.
திரும்புங்கோ எண்டால் திரும்பினனீங்கள்.
ஒருக்கா மட்டும் முனகினனீங்கள்.
கண்ணீர் வந்தது, துடைச்சுவிட்டனான்."

அந்தக் கண்ணீரைத்தான்
மூன்று நாளாக யோசிக்கிறேன்.
எனக்கு வலிக்கவில்லை. சத்தியமாக.
அப்ப வலித்தது ஆருக்கு?
என் வாயோடு, என் பெயருக்கு ஓம் சொல்லிக்கொண்டு
அந்தக் கதிரையில் நாற்பது நிமிசம்
ஒருத்தி இருந்திருக்கிறாள்.
சொன்னதெல்லாம் செய்திருக்கிறாள்.
நான் எழும்பி வந்தேன்.
அவள் வரவில்லை.
ஒருத்தியை விட்டுவிட்டு வாறது
எனக்குப் பழக்கமில்லாத காரியம் என்று
சொல்ல முடியாது.

பக்கத்து வளவு சுகிர்தமலர் வேலியால் எட்டிக் கேட்டாள்:
"எனக்கும் ஒண்டு போடுவினமோ?
பல்லு நல்லாத்தான் இருக்கு."
இல்லையடி. அது பின்னுக்குப் போகாது.
ஊசி ஏறின நேரத்திலிருந்துதான் அழிக்கும்.
பழசெல்லாம் வைத்த இடத்தில் அப்படியே,
ஒரு தூசிகூட அசையவில்லை.

ஆட்டோவில் வரும்போது
கதைத்துக்கொண்டே வந்தேனாம், பஞ்சைக் கடித்தபடி.
இவர் சொல்லவில்லை.
ஆட்டோக்காரப் பெடியன் கஜமுகன்தான்
கடையடியில் கண்டு, சிரித்துச் சிரித்து:
"அக்கா, ஆடு எப்பிடி?"

எந்த ஆடு?

"கரடிப்போக்கிலை ஒருக்கா, பரந்தனிலை ஒருக்கா,
முரசுமோட்டையிலை ரெண்டுதரம் கேட்டனீங்கள்,
ஆட்டை அவிட்டுவிட்டாச்சோ எண்டு.
அண்ணை ஒவ்வொருதரமும்
முதல்தரம் கேக்கிற மாதிரித்தான் சொன்னவர்,
ஓம், அவிட்டுவிட்டனான் எண்டு."

அவன் மாற்றிய காசை எண்ணாமல் வாங்கினேன்.
மா, பருப்பு, ஒரு சவர்க்காரம்.

எங்களிடம் ஆடு இல்லை.
கலியாணம் இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, ஆவணி;
அதற்குப் பிறகு கோழி மட்டும்தான்.
அந்த ஆட்டைப் பற்றி
இவருக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ராத்திரி சோற்றைக் குழைத்து
ஒரு பக்கத்தால் மென்றேன்.
இவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும்.
வியாழக்கிழமை தையல் வெட்ட வரச்சொல்லியிருக்கு.
ஐந்து நிமிச வேலை, ஊசி இல்லை,
துணைக்கு ஆள் தேவையில்லையாம்.
இவர் லீவு போட்டுவிட்டார்.