இருபத்தெட்டு மாதம்

ஹெர்மானஸில் இந்தக் கொட்டகைக்குள்
இரும்புக்கு அனுமதி இல்லை.
சாவி, பெல்ட், என் கொண்டை ஊசி
எல்லாம் வாசலில் பிளாஸ்டிக் கூடைக்குள்.
சுவரில் அடித்த ஆணிகூடச் செம்பு.
ரியானின் பூட்ஸுக்கு எஃகு மூக்கு, ஆகவே
காலுறையோடு நடக்கிறான்,
ஓட்டை வழியே பெருவிரல் எட்டிப் பார்க்கிறது.

நடுவில் நான் சுற்றிய சுருள்.
மைனஸ் இருநூற்று அறுபத்தொன்பதில்
மின்சாரம் ஒருமுறை உள்ளே புகுந்தால் போதும்,
யாரும் தள்ளாமல் ஓடிக்கொண்டிருக்கும்.
உள்ளே புயல்.
வெளியே பூச்சியமாக இருக்க வேண்டும்,
இல்லையென்றால் செயற்கைக்கோள்
திசைகாட்டி முள்போல வடக்கே திரும்பி
வானத்தை மறந்துவிடும்.

எங்கோ வெடித்த விண்மீனின் துகள்
கோடி ஆண்டு நடந்து இதன் வாய்க்குள் வரும்.
இடப்பக்கம் வளைந்தால் நம் ஊர்ப் பொருள்.
வலப்பக்கம் வளைந்த ஒரு ஹீலியம்,
ஒன்றே ஒன்று,
அதற்குத்தான் பதினோரு வருடம்.
வளையாமல் போகிறவன் பெயரை
யாராலும் சொல்ல முடியாது.

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது.
குளிரூட்டும் ஹீலியம் இருபத்தெட்டு மாதத்தில் தீரும்.
நிரந்தரக் காந்தம் வைக்கிறோம்:
ஐந்தில் ஒரு பங்கு பலம், பதினெட்டு ஆண்டு.
கணக்குப் போட்டவள்
மெர்பேங்க் கோகிலாம்பாள் படையாச்சி.
கத்தினேன்.
அவள் கத்தவில்லை.
"ஆறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளி
உன் கதவு திறந்திருக்கும் மாதத்தில்தான்
வருவானென்று உனக்கு யார் சொன்னது?"
இரண்டு நாள் அவளோடு சாப்பிடவில்லை.

இன்று கடைசி ஓட்டம். ஒன்பது நிமிடம்.
கூரையைத் துளைத்து ஏதோ ஒன்று இறங்கி
திரையில் வளைந்தது.
இடப்பக்கம்தான்.
குறிப்பேட்டில் எழுதினேன்: எண் 1.

பிறகு வால்வைத் திறந்தோம்.
வெள்ளைப் புகை, சீற்றம், குழாயில் உறைபனி.
ஹீலியத்தைப் பூமியால் பிடித்துவைக்க முடியாது.
ஏறி ஏறி, என்றாவது ஒருநாள்
வெளியே போய்விடும்.
சுருள் போகாத இடத்துக்கு
அதன் மூச்சு மட்டும்.

கூடையில் என் சாவி இல்லை.
மிச்சம் கிடந்தது கோகிலாம்பாளுடையது,
காந்த வடிவப் பொம்மை கோத்த சாவி.
வெளியே, என் காரின் பூட்டோடு
அவள் மல்லாடிக்கொண்டிருந்தாள்.