டோக்கன் நம்பர் மட்டும் போதும்

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில்
பத்து நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு
ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள்.
பெயர் எழுத வேண்டாமாம்,
தைரியமாகச் சொல்லலாமாம்.
டோக்கன் நம்பர் மட்டும் போதுமாம்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து முகங்கள்.
முதல் முகம் வாய் கவிழ்ந்து,
ஐந்தாம் முகம் பல்லெல்லாம் தெரிய.
ஒன்றுக்கும் காது இல்லை.

உங்கள் வேலை மனநிறைவு அளிக்கிறதா?

படித்துக் காட்டியதும்
மனநிறைவு என்றால் என்ன அக்கா என்றாள் சஸ்மிதா.
ஒடிசாவிலிருந்து வந்து பதினான்கு மாதம்,
தமிழில் திட்டு மட்டும் முழுசாகப் புரியும்.
இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டால்
போதும் போதும் என்று தட்டை மறைப்பாயே, அது
என்றேன்.
யோசித்தாள்.
ஹாஸ்டலில் யாரும் அப்படிக் கேட்டதில்லையே என்றாள்.

கழிப்பறை சுத்தமாக உள்ளதா?
உள்ளது.
அறுபது பேருக்கு இரண்டு அட்டை,
அட்டை கையில் இருந்தால்தான் எழுந்து போகலாம்.
போனால்தானே அழுக்காகும்.

மேற்பார்வையாளர் மரியாதையுடன் நடத்துகிறாரா?
பல் தெரிகிற முகத்தில் டிக் அடித்தேன்.
சிலம்பரசன் சார் என் பின்னால் நின்றிருந்தார்.
அவர் கையிலும் ஒரு தாள் இருந்தது.
அவர் பின்னால் மேனேஜர்.

பாதுகாப்புக் கேள்விக்கு
நேற்று உடைந்த ஊசி ஞாபகம் வந்தது.
முனை கிடைக்காமல் புது ஊசி கிடையாது,
நான்கு பேர் மண்டியிட்டுக் காந்தத்தால் தரையைத் துழாவினோம்.
கடைசியில் என் கோட்டு மடிப்பில் இருந்தது.
துண்டுகளைச் சேர்த்து நோட்டில் ஒட்டி
தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள்.
யாரோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் கழுத்தில்
குத்திவிடக் கூடாது பாருங்கள்.
சரிதான், குத்தக் கூடாது.
இருபது காலர் குறைந்ததற்கு
என்னைக் குத்தியது வேறு கணக்கு.

பதினோராவது கேள்விக்கு முகமே இல்லை.
உங்களுக்கு ஊக்கம் தருவது எது?
மூன்று வரிகளுக்குள் எழுதவும்.

செவ்வாய்க்கிழமைக் குழுத் தவணை,
பாலிடெக்னிக்கில் பெரியவனின் பீஸ்,
ஒரு நாள் விட்டால் போய்விடும் வருகை போனஸ்.
இதெல்லாம் கல்லாவியில் காலை ஐந்தே முக்காலுக்கு
என்னை வேனில் ஏற்றிவிடும்.
மத்தூர் தாண்டி, பர்கூர் வந்து, கேட் வரைக்கும் தள்ளும்.
மிஷினில் உட்கார்ந்த பிறகு
கூட வராது.

கூட வருவது இது:
மூன்றாவது மணி நேரத்தில்
சத்தம் காதுக்குப் பழகிக் காணாமல் போகும்போது,
திருப்பிய காலரின் நுனி
வேப்பிலை முனை மாதிரி கூர்மையாக வெளியே வரும்.
இரண்டு பக்கமும் ஒரே அளவு.
மணிக்கு எண்பதில் எழுபத்தொன்பது அவர்களுக்கு.
ஒன்று
எனக்கு.
போன மாதம் செக்கிங் நாகவேணி
அந்த ஒன்றை எடுத்து
நுனியில் கட்டைவிரலை வைத்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு மூச்சு நேரம் கூடுதலாக வைத்திருந்துவிட்டு
அடுத்ததை எடுத்தாள்.
வேன் வீடு திரும்பும்வரை
அந்தக் கட்டைவிரலையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இதை எழுதலாம்தான்.
எழுதினால்
மாதேஸ்வரிக்கு வேலையில் பிரியம் என்று
மணிக்குத் தொண்ணூறு ஆக்கிவிடுவார்கள்.

சம்பளம்.
சம்பளம்.
சம்பளம்.

மூன்று வரியும் நிரம்பிவிட்டது. பொய்யும் இல்லை.

மணி அடித்தது.
சஸ்மிதாவின் தாளை வாங்கி என்னுடையதோடு வைத்தேன்.
ஒரு டிக்கும் இல்லை.
எல்லா முகத்துக்கும்
பொறுமையாக, இரண்டிரண்டாக,
காது வரைந்திருந்தாள்.
ஒன்றுக்கு மட்டும் கம்மல்.