மீதித் துண்டு

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில்
பதினொரு வருடமாய்த் துணி வெட்டுகிறேன்.
வெட்டுப்புள்ளி என்ற சொல்லை
இந்த வருடம்தான் படித்தேன்.

கொட்டாஞ்சேனையில் எல்லோர் வாயிலும் அதுதான்.
மீன் வாங்கும்போது, காஸ் வரிசையில்,
நற்கருணைக்கு நிற்கும்போதுகூட
முன்னால் நிற்பவள் திரும்பி
போன முறை கொழும்புக்கு எவ்வளவு என்கிறாள்.
ஆமென்.

சந்தியில் பனர் கட்டியிருக்கிறார்கள்.
போன வருடத்துப் பிள்ளைகள்,
ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் ஓர் இலக்கம்.
மழையில் ஒருத்தியின் கடைசி இலக்கம் உரிந்துவிட்டது.
பதினெட்டோடு
இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

மெல்றோய்க்குப் பத்து வயது.
கிழமை நாளில் செபமாலை சேர்,
சனி முழுக்கப் புளூமெண்டால் வீதி மேல்மாடி.
நூற்றறுபது பிள்ளைகள், ஒரு மைக்.
தகரத்தில் மழை விழுந்தால்
பின்வாங்குக்குக் கணக்குக் கேட்காது.
முன்வாங்கு பிடிக்க நாலரைக்கு எழும்பி
அவன் கொப்பியைக் கொண்டுபோய் வைப்பேன்.
அங்கே ஏற்கனவே ஏழு கொப்பிகள்
குந்திக்கொண்டிருக்கும்.

ஞாயிறு வகுப்பு வேண்டாம்,
பிள்ளைகள் களைத்துவிட்டார்கள் என்றார் சேர்.
தாய்மார் சண்டைக்குப் போனார்கள்.
நானும்தான் போனேன். மறைக்க என்ன இருக்கிறது.

இரவில் அவன் தலை வினாத்தாளில் சாயும்.
வியர்வையில் மை ஒட்டி
கன்னத்தில் ஒரு முக்கோணம், பாதி அம்புக்குறி.
தூக்கிப் பாயில் கிடத்திவிட்டு
மிச்சக் கேள்விகளை நான் செய்வேன்.
அடுத்து வரும் உருவம் எது.
கண்ணாடியில் பார்த்தால் மணி என்ன.
துறைமுகத்துக் கிரேன் வெளிச்சம் யன்னலில் நிற்க
ஒரு நாள் நாற்பதுக்கு முப்பத்தெட்டு எடுத்தேன்.
யாரிடம் சொல்ல?
மனுசன் கட்டாரில், இரவு வேலை.
தாளை மடித்து
சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

அந்தத் தாளில்தான் இருந்தது.
பன்னிரண்டு மீற்றர் துணியை
இரண்டு மீற்றர்த் துண்டுகளாக்க
எத்தனை முறை வெட்ட வேண்டும்?
தூங்குவதற்கு முன் ஆறு என்று எழுதியிருந்தான்.

விடியச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.
ஐந்துடா. கடைசித் துண்டு தானாய் வரும்.
மம்மியின் தொழிலிலேயே பிழை விடுவியா?
பழைய சாரமொன்றை விரித்து
கத்தரிக்கோலால் வெட்டியும் காட்டினேன்.
பார்த்துக்கொண்டிருந்தான்.
வாயைத் திறக்கவில்லை.

பரீட்சையன்று
நான் தைத்த சீத்தைத் துணிப் பையை
உள்ளே இருப்பது தெரியவில்லையென்று
வாசலில் திருப்பித் தந்தார்கள்.
பேனைகளைப் பொலித்தீனில் போட்டுக்கொண்டு போனான்.
கேற்றுக்கு வெளியே வெயில்.
ஒருவன் நோட்டீஸ் கொடுத்தான்,
நாலாம் வகுப்புக்கு இப்போதே பதியுங்கள்.
தங்கச்சி இருக்கிறாளா என்று கேட்டான்.
நான் வெறும் பையின் சிப்பைத்
திறந்தேன், மூடினேன்.

வெளியே வந்தவன் முதலில் தண்ணீர் கேட்டான்.
பிறகு,
துணிக் கணக்கு வந்தது மம்மி.
எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.
ஆறு என்று எழுதினேன்.

அத்தனை பேர் நடுவில் என் கை ஓங்கியது.
ஓங்கியது மட்டும்தான்.

நான் பார்த்திருக்கிறேனே, என்றான்.
ரியூசன் இல்லாத காலத்தில்
கடை மேசைக்குக் கீழேதானே இருப்பேன்.
பன்னிரண்டு என்று எழுதின கட்டில்
எப்பவும் கொஞ்சம் கூட இருக்கும்.
ஆறு தரம் வெட்டுவீங்க.
மீதித் துண்டு எனக்கு.

என் கையிலிருந்த பையை வாங்கி
பேனைகளை ஒவ்வொன்றாய் உள்ளே போட்டான்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் கேட்டான், கொடுத்தேன்.
ஆமர் வீதிக்கு முன்பே தூங்கிவிட்டான்.
கன்னத்தில் இன்றைக்கு ஒன்றுமில்லை.

விடைத்தாளில் ஐந்து என்றுதான் இருக்கும்.
இரண்டு புள்ளி.
இறங்கும் வரைக்கும் நான்
கழித்துக்கொண்டே வந்தேன்.