இடது காதுப் பக்கம்

ஜூன் எட்டாம் தேதி
லப்பேன்ரந்தாவில் கயிறு அவிழ்த்தோம்.
நூற்றிருபது லிட்டர் டீசல், ஒரு சாக்கு உருளைக்கிழங்கு,
அவனுடைய காதுக் கருவிக்கு இரண்டு அட்டை பேட்டரி.
கருவியை வீட்டிலேயே மறந்துவிட்டான்.
மறந்ததாகத்தான் சொன்னான்.

காகித ஆலையில் முப்பத்தாறு வருஷம்
மூன்றாம் நம்பர் இயந்திரத்தை ஒட்டி நின்றவன் வொய்ட்டோ.
வலது காதை அது தின்றுவிட்டது.
இடது காதில் மிச்சமிருப்பதை
படகின் இன்ஜினுக்கென்று வைத்திருக்கிறான்.
அது லேசாக இருமினால் எழுந்துவிடுவான்,
நான் கூப்பிட்டால் மாட்டான்.

அதனால் எங்களுக்குக் கைகள்.
அணியத்தில் நான், சுக்கானில் அவன்.
உள்ளங்கை கீழே பார்த்தால் மெதுவாக.
முஷ்டி என்றால் நிறுத்து.
விரல்களை முடிச்சாகக் கோத்துப் பட்டென்று பிரித்தால்
கயிற்றை விடு, கிளம்பலாம்.
மதகுத் தொட்டிகளில் மற்றத் தம்பதிகள்
தொண்டை கிழியச் சண்டை போடுகையில்
நாங்கள் மட்டும் சத்தமில்லாமல் போடுவோம்.

பூமலாவில் மூன்று நாள் மழை.
சீட்டாட்டத்தில் நான் முன்னூறு புள்ளி முன்னே.
நான்காம் நாள் ஒரு பாறை தலை தூக்கிப் பார்த்தது,
அதற்கு மீசை இருந்தது.
சைமா ஏரியின் சீல்,
வேறெங்கும் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
உதட்டில் விரல் வைத்தான்.
காது கேட்காதவன்
என்னைச் சும்மா இருக்கச் சொன்னான்.

சவோன்லின்னாவில் மகன் யார்க்கோ.
எங்களுக்கென்றே மாடியில் அறை, அகலக் கட்டில்,
மருமகள் தேடி வாங்கிய நீல விரிப்பு.
பதினொரு மணிக்கும் வானம் அணையவில்லை.
ஆடாத கட்டிலில் யாருக்குத் தூக்கம் வரும்?
ஒரு மணிக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
கல்யாணமாகாதவர்களைப் போல் படியிறங்கினோம்.
காலையில் யார்க்கோ துறைக்கு வந்து
காபிக் குடுவையை நீட்டினான்.
ஒன்றும் கேட்கவில்லை.
அந்த விரிப்பு இன்னும் என்னை உறுத்துகிறது.

வர்க்கௌஸ் மதகில் என் மூக்குக்கண்ணாடி தண்ணீருக்கு.
அதன்பின் இரண்டு நாள்
என் கண்ணுக்குக் கரையெல்லாம் ஒரே பச்சைக் கறை.
குருடியும் செவிடனும் கப்பல் விடுகிறோம் என்றேன்.
அவனுக்குக் கேட்கவில்லை, அதுவும் நல்லதுதான்.

குவோபியோவில் மகள் மெர்விக்கு ஐம்பது வயது.
மேஜையைச் சுற்றிப் பதினான்கு பேர்.
ரை மாவில் புரட்டிப் பொரித்த விரலளவு மீன்கள்
குவியல் குவியலாய் வந்துகொண்டிருந்தன,
பேச்சும் அப்படியே, ஒன்றின்மேல் ஒன்றாய்.
வொய்ட்டோ சிரித்தபடி இருந்தான்.
எனக்குத் தெரியும் அந்தச் சிரிப்பு,
பக்கத்திலிருப்பவன் வாயைப் பார்த்துவிட்டு
இரண்டு நொடி கழித்து வருவது.

மருமகன் குனிந்து கேட்டான்:
"இந்த வயசுக்குப் படகெல்லாம் தாங்குமா, மாமா?
இப்போது விற்றால் நல்ல விலை வரும்."
"வயிறு தாங்கும்," என்றான் வொய்ட்டோ,
"இன்னும் இரண்டு வை."

மேஜையே அதிர்ந்தது.
அவனும் சேர்ந்து சிரித்தான், இரண்டு நொடி கழித்து.
பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து
தட்டுக்கு மேலே கைகளை உயர்த்தினான்.
விரல்களைக் கோத்தான். பட்டென்று பிரித்தான்.

நாற்காலியை நான் நகர்த்துவதற்குள்
கேக் கத்தியைக் கீழே வைத்த மெர்வி
உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினாள்.
மெதுவாக.

ஆறு வயதில் என் இடுப்பைப் பிடித்தபடி
அணியத்தில் நின்றவள்.
எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

சுற்றி வந்தாள். புருஷனை எழுப்பிவிட்டு
அப்பாவின் இடதுபக்கம் உட்கார்ந்தாள்.
என்ன சொன்னாளோ, பதின்மூன்று பேர் இரைச்சலில்
எனக்கு ஒன்றும் விழவில்லை.
அவன் மட்டும் தலை சாய்த்து
இன்ஜினைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் குறிப்பேட்டில் அவன் கையெழுத்து:
குவோபியோ. காற்றில்லை. தெளிந்த வானம்.
புறப்படவில்லை.