கடல் தாண்டிப் படிப்பவள்

"கடல் தாண்டிப் படிக்கிறாள் என் மகள்" என்று
கிளேர்வுட் கல்யாணப் பந்தலில்
அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.
பன்னிரண்டு நிமிடக் கடல்.
டர்பன் துறைமேடையில் படகேறினால்
சாலிஸ்பரித் தீவு.
இறங்கும்போது பாவாடை ஓரம் உப்பேறியிருக்கும்.

"லண்டனா, டப்ளினா?"
தாம்பூலத் தட்டை நீட்டியபடி கேட்டாள் அங்கம்மா அத்தை.
அம்மா ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து
வாயில் போட்டுக்கொண்டாள்.
மெல்லுகிறவளை யாரும் வற்புறுத்துவதில்லை.
நான் எழுந்துபோய்
பிரியாணி அண்டாவின் புகைக்குள் நின்றேன்.

விண்ணப்பத்தில் முதல் விருப்பம் என்ற கட்டத்தில்
நான் எழுதியது வேறு பெயர்.
அமைச்சரகத்திலிருந்து ஒன்றரை வரியில் பதில் வந்தது.
அந்த அரை வரி, கையெழுத்து.
அப்புறம்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.
தேர்ந்தெடுத்தேன் என்றுதான் சொல்வேன்.
தையல் ஆலை வாசலிலும் ஒரு வரிசை இருந்தது,
அதில் நான் நிற்கவில்லை.

கடற்படை விட்டுப்போன கொட்டகைகள்.
வேதியியல் கூடத்துச் சுவரில்
துப்பாக்கி மாட்டிய கொக்கிகள்;
மழை நாளில் எங்கள் குடைகள் அவற்றில் சொட்டும்.
காற்று திசை மாறினால்
பிளஃப் மேட்டிலிருந்து
திமிங்கிலம் காய்ச்சும் நெடி வரும்.
ஆசிரியர் ஜன்னலைச் சாத்திவிட்டு
விட்ட இடத்திலிருந்து
பென்சீன் வளையத்தை மூடுவார்.

டப்ளினில் இருப்பவன் கங்காதரன், சித்தி மகன்.
கல் வளைவு, பனி, கழுத்தைச் சுற்றிக் கம்பளி.
அந்தப் படம் எங்கள் வீட்டு ரேடியோவின் மேல்தான் இருக்கிறது.
செய்தி கேட்கப் போனால் அவனைப் பார்க்காமல் முடியாது.
என் படம் எங்கும் இல்லை.
தகரக் கூரைக்கு முன்னால் நின்று
யார் எடுத்துக்கொள்வார்கள்?

திரும்பும் படகு கரை தொடுமுன்
கோட்டில் குத்திய கல்லூரிச் சின்னத்தைக் கழற்றிப்
பைக்குள் போடுவேன்.
பேருந்தில் யாராவது பார்த்துவிட்டால்
ஒன்று சிரிப்பார்கள்,
இல்லை, "அவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டாயா" என்பார்கள்.
எது மோசம் என்று
இரண்டு வருடமாக முடிவுசெய்ய முடியவில்லை.

அப்படிச் சொன்னவள் தனபாக்கியம்.
பள்ளியில் என்னைவிட எப்போதும் நான்கு மதிப்பெண் கூட.
"அவங்க நமக்குன்னு கட்டின பட்டியில
எனக்குப் பட்டம் வேணாம்" என்று
ஒரே வாக்கியத்தில் போய்விட்டாள்.
இப்போது நாளைக்கு நூற்றிருபது சட்டைக் கழுத்து தைக்கிறாள்.
தெருவில் கண்டால் நான்தான்
எதிர்ப்பக்கம் கடப்பேன்.

போன வெள்ளி கடக்க இடமில்லை,
மீன் வண்டி குறுக்கே நின்றது.
அவள் விரல் நுனியில் ஊசித் தழும்புகள்.
நலம் விசாரிக்கவில்லை,
கங்காதரனைப் பற்றிக் கேட்கவில்லை.
"கரிம வேதியியல் நோட்டு இருக்கா?
ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தரேன்."
"அந்தக் காலேஜ் நோட்டுதான்" என்றேன்.
"காலேஜ் யாருக்கு வேணும்,
நோட்டைக் கொடு."

ஞாயிறு மாலை கொண்டுவந்தாள்.
சட்டைக்குள் வைக்கும் அட்டைகளின் பின்பக்கம்
எல்லாவற்றையும் படியெடுத்திருந்தாளாம்.
நாற்பத்தேழாம் பக்கத்தில்
என் சமன்பாடு ஒன்று பென்சிலால் திருத்தப்பட்டிருந்தது.
பார்த்தேன். அவள் சரி.
ஆசிரியரும் தப்பு.

இன்று படகில், வழக்கமான இடத்தில்
சின்னத்தைக் கழற்றக் கை போனது.
குத்திக் குத்தி எடுத்ததில்
கோட்டில் துவாரம் பெரிதாகி
நூல் பிரிந்து வெள்ளைத் துணி தெரிகிறது.
கழற்றாமலே பேருந்தில் ஏறினேன்.
ஓட்டையை மறைக்க வேண்டியிருந்தது,
அவ்வளவுதான்.
பக்கத்து இருக்கைக்காரர்
சின்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை
என்று சொல்ல ஆசைதான்.
ரயில்வே பாலம் வரை திரும்பியிருந்தேன்.