ஒன்பது வோல்ட்

முதலில் எடுத்தவர்
"ஆறு தந்தி என்றால் சும்மா கிட்டார்தானே,
அதுக்கேன் எட்டு இலட்சத்து எண்பது?" என்றார்.
வைத்துவிட்டேன்.
இரண்டாமவருக்கு, கனடா போகிறேன் என்றேன்.
மூன்றாமவருக்கு, மணிக்கட்டில் நோ.
நான்காவது, கொம்பனித்தெருவிலிருந்து ரமீஸ் கிச்சிலான்.
ஏன் விற்கிறீங்கள் என்று கேட்கவில்லை.
"கீழ் பி தந்தி கலங்காமல் கேட்குமா?" என்றான்.
அவனை வரச் சொன்னேன்.

வெள்ளவத்தையில், கடலுக்கு இரண்டு வீடு தள்ளி,
நாலாம் மாடியில் பேஸ் வைத்திருப்பவள்
உப்போடு சீட்டாடுகிறவள்.
சப்பாத்துப் பெட்டி, மாத்திரைப் போத்தல்,
எங்கே கண்டாலும் அந்த ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைப்
பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டேன்.
'தின்ன வேண்டாம்' என்று எழுதியிருக்கும்.
வாத்தியத்தைச் சுற்றி நாற்பது 'தின்ன வேண்டாம்'.
கடலுக்கு வாசிக்கத் தெரியாது.

காலிமுகப் பக்கம் ஒரு ஹோட்டலில்
பதினொரு வருடம், வெள்ளியும் சனியும்.
பாடகியின் மேல் வெளிச்சம் விழும்,
என் மேல் ஏசியின் சொட்டு.
பேஸை யாரும் கேட்பதில்லை.
நான் நிறுத்தினால் மட்டும்
கரண்டியை வைத்துவிட்டு நிமிர்வார்கள்,
யாரோ மேசையை அசைத்ததுபோல.
போன மார்கழியில் எங்கள் ஐந்து பேரையும் நிறுத்திவிட்டு
விரல் நீள யூஎஸ்பி ஒன்றை வேலைக்கு எடுத்தார்கள்.
அதற்கு இரவுச் சாப்பாடு வேண்டாம்,
வீட்டில் இறக்கிவிட வானும் வேண்டாம்.

ஞாயிறு மூன்றரைக்கு வந்தான்.
பெட்டியைத் திறந்ததும் தொடவில்லை,
முதலில் காற்சட்டையில் கையைத் துடைத்தான்.
அதற்கே ஐயாயிரம் குறைக்கலாம் என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.

செருகினோம். சத்தமில்லை.
வயரை மாற்றினோம். இல்லை.
பின்மூடியைக் கழற்றிப்
பற்றரியை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
செத்துப்போயிருந்தது.
வயரைச் செருகியபடி விட்டால்தான் அது அப்படிச் சாகும்.
வாசிக்கிற எவருக்கும் தெரியும்.
கடைசி இரவு வீட்டுக்கு வந்து செருகியிருக்கிறேன்,
வாசிக்காமல்
அப்படியே இருந்திருக்கிறேன்.
அவனுக்கும் விளங்கியிருக்கும்.
ஜன்னலைப் பார்த்தான்.

காலி வீதிக்கு ஓடினேன்.
ஹார்ட்வெயாரில் ஒற்றையாய்த் தரமாட்டார்களாம்,
இரண்டு சேர்ந்த பக்கற்தான்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
மூச்சு வாங்கிக் கதவடியில் வந்து நின்றால்
அவன் பேஸின் மேல்கொம்பை என் அலுமாரியில் சாய்த்து,
பலகையில் காதை ஒட்டி,
கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான்.
மின்சாரம் இல்லாத இடத்தில் நாங்கள் எல்லோரும் செய்கிற வேலை.
உள்ளே என் ஹேங்கர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
அவன் முடிக்கும்வரை
நான் உள்ளே போகவில்லை.

புதுப் பற்றரி. பி தந்தி.
தரை கொஞ்சம் யோசித்தது.
உடனே கீழிருந்து தும்புத்தடியால் மூன்று இடி.
பையன் பயந்துவிட்டான்.
"கீழ்வீட்டுப் புஞ்சிஹேவா மாத்தயா," என்றேன்,
"திட்டினாலும் தாளம் தப்பமாட்டார்."

பிறகு விலை.
பிக்கப்பின் ஓரத்தைக் காட்டினான். "இங்கே ஒரு குழி இருக்கு."
இருக்கும். என் பெருவிரல்
பதினொரு வருடம் வாடகையில்லாமல் இருந்த இடம்.
"பதினையாயிரம் குறைப்பீங்களா அக்கா?"
குறைத்தேன்.
பேசி முடித்ததும் தன் பெருவிரலை அதில் வைத்துப் பார்த்தான்.
அளவாய் இருந்தது.
பதினையாயிரத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று தோன்றியது.

ஐயாயிரம் தாள்கள் நூற்று எழுபத்து மூன்று.
இரண்டு முறை எண்ணினேன், இரண்டாம் முறை
அவன் போகும் நேரத்தைத் தள்ளிப்போட.
த்ரீவீலுக்குள் பெட்டி நேராய்ப் போகவில்லை.
குறுக்கே மடியில் வைத்து, ஒரு முனை வெளியே நீட்ட,
ராமகிருஷ்ண வீதிப் பக்கம் திரும்பும்வரை
சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டே போனான்.

வீட்டு வாடகை நிலுவை, தங்கச்சியின் பல், மின்சாரக் கட்டணம்.
உண்மையான காரணம் இவ்வளவுதான்.
தொலைபேசியில் சொல்ல வெட்கமாயிருந்தது.

இரவு பத்தரைக்குக் கடைசி ரயில் போனது.
மேசையில் மற்றப் பற்றரி கிடந்தது.
எடுத்து நாக்கில் வைத்தேன்.

சுரீர் என்றது.